கொல்லையில் ஒரு ரோடு

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்கும் கொல்லையில் இருந்த குளியலறைக்கும் நடுவே அப்படி என்ன பெரிய தூரம்? வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மெல்லத் தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தக் கொஞ்ச தூரத்தை ஒரு மனுஷன் பொழுது சாய்ந்த பிறகு யார் கையையும் பிடிக்காமல் தானாக நடந்து போக வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் சோலார் லைட் வாங்கினோம். அந்த மனுஷன் என் வீட்டுக்காரர். இன்றைக்கு இதைச் சொன்னால், லைட் வாங்கினதெல்லாம் ஒரு கதையா என்று என் மகனே சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவனுக்கென்ன தெரியும். அப்போது அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லுக்கு வெளியே, பழனி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நாங்கள் மனை வாங்கியபோது சுற்றிலும் சோளக்காடு. மேற்கே பார்த்தால் மலை நீலமாகத் தெரியும். வீடு என்று கட்டியது இரண்டு அறையும் ஒரு அடுப்படியும்தான். குளியலறை, கக்கூஸ் எல்லாம் அந்தக் காலத்து வழக்கப்படி கொல்லையின் கோடியில். வழியில் துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், பிறகு குழாய்க் குழி. திண்டுக்கல்காரர்களுக்குக் குழாய்க் குழியை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் குடிதண்ணீர் வருவதே அபூர்வம், வந்தாலும் மேலே ஏறாது. அதனால் தரையைத் தோண்டி, இடுப்பளவு ஆழத்தில் குழாயை வைத்து, குழிக்குள் இறங்கிக் குடம் வைத்துப் பிடிப்போம். மூடி போடலாம்தான். ஆனால் தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? மூடியைத் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்து, கடைசியில் எல்லார் வீட்டுக் குழியும் வாயைத் திறந்தபடிதான் கிடக்கும்.

அவர் தனியார் பஸ்ஸில் டிரைவர். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நாள் முழுக்கப் போய் வருகிற வண்டி. நான் பால்வாடி டீச்சர். பிள்ளைகளை அதட்டி அதட்டி என் குரல் எப்போதும் ஒரு கட்டை ஏறித்தான் இருக்கும். அவர் நேர்மாறு. ஸ்டியரிங்கைப் பிடித்த கை மாதிரியே பேச்சும் நிதானம். ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டால் ஏறுகிற சனமெல்லாம் "ஏனுங்க டிரைவரு, கொஞ்சம் நிறுத்துங்க" என்று மரியாதையாகக் கேட்குமாம். அதைக் கேட்டுக் கேட்டு இவருக்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டது. என்னிடம் மட்டும் அது வராது. "ஏ புள்ள" தான்.

அந்த நாட்களில் கொல்லையில் ஒரு பல்புகூடக் கிடையாது. கடைசி டிரிப் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி அந்த இருட்டில் விறுவிறுவென்று நடந்து போவார். "ஏங்க, அரிக்கேனை எடுத்துட்டுப் போங்க, பூச்சி பொட்டு கெடக்கும்" என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். "நான் பாக்காத இருட்டா புள்ள? பழனி ரோட்டுல இருக்குற புளியமரம் அம்புட்டும் எனக்கு அத்துப்படி" என்று குளியலறைக்குள்ளிருந்து பதில் வரும். தண்ணீரை மொண்டு ஊற்றுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். அவர் வருவதற்குள் சோற்றைப் போட்டு, வெஞ்சனத்தைச் சூடுபண்ணி வைப்பேன். சோளக்காட்டுக் காற்றும், ஈரத் தலையோடு வந்து உட்கார்கிற அவருமாக, அந்த வருஷங்கள் எப்படி ஓடின என்றே தெரியவில்லை. அப்போது அதைச் சந்தோஷம் என்று யார் நினைத்தது? பொழுது போனது, அவ்வளவுதான்.

கண் எப்போது குறையத் தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. முதலில் எதிரே வருகிற லாரியைத் திட்டினார், லைட்டைக் கண்ணில் அடிக்கிறான் என்று. பிறகு கண்ணாடி அழுக்கு என்று கிளீனரைத் திட்டினார். பிறகு ஒரு தை மாதம். பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் ரோட்டின் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்த சமயம். பொழுது மசங்கும் நேரத்தில், ஓரமாகப் போன ஒரு குடும்பம் கிட்டே போகும்வரை அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பிரேக்கை மிதித்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முருகன் புண்ணியம். மறுநாள் காலையில் ஓனர் வீட்டுக்குப் போய், "இனி வண்டி எடுக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அவர் அவ்வளவு தூரம் நடந்து வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மதுரையில் கண் டாக்டர் பார்த்தார். நாம் மாலைக்கண் என்று சொல்வதுதான், ஆனால் மாத்திரையில் சரியாகிற வகை இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை வற்றிக்கொண்டே வருகிறது என்றார். "பகல்ல ஒண்ணும் பயமில்லம்மா. இருட்டுலதான். முதல்ல சின்ன வெளிச்சம் தெரியாமப் போகும். அப்புறம் பெரிய வெளிச்சம். எத்தனை வருஷத்துலன்னு சொல்ல முடியாது. மெதுவாவும் போகலாம், திடுதிப்புன்னும் போகலாம்." நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவர் டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். வருகிற வழியெல்லாம் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, அந்த டிரைவர் கியர் மாற்றுகிற அழகைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்குள் கொல்லையில் ஒரு குண்டு பல்பு போட்டிருந்தோம். அது எரிந்தால் சமாளித்துக்கொள்வார். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் கரண்ட் கட் தொடங்கியதே, அதுதான் எங்கள் குடியைக் கெடுத்தது. சொல்லி வைத்த மாதிரி பொழுது சாயும் நேரத்தில்தான் போகும். ஊரே விசிறியும் கையுமாக வாசலில் உட்கார்ந்து அரட்டையடிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருப்பார். எனக்குப் புரியும். நான் எழுந்து போய்ச் சும்மா கையைப் பிடிப்பேன். "விடு புள்ள, நான் என்ன கைக்கொழந்தையா?" என்று உதறுவார். உதறிவிட்டு, போக வேண்டியதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். சர்க்கரையும் இருக்கிற உடம்பு. அப்படி அடக்கலாமா? என்னைப் பிடித்துக்கொண்டு நடக்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

ஒருநாள் நான் பக்கத்து வீட்டில் மோர் வாங்கப் போயிருந்த நேரத்தில் எழுந்து போயிருக்கிறார். திரும்பி வந்தால் குழாய்க் குழியிலிருந்து, "ஏ புள்ள, பதறாத, செத்த நேரம் இங்க ஒக்காந்திருக்கேன்" என்று குரல் வருகிறது. எப்படி இருக்கும் எனக்கு? அடி ஆத்தி என்று ஓடினேன். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. குழிக்குள் கையைக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தூக்கிவிட்டுக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டும்போது வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். கடைசியில், "ஒன் கையப் புடிச்சு நடக்குறதுல ஒண்ணுமில்ல. ஒரு நா புடிச்சுட்டா அப்புறம் விட முடியாது புள்ள, அதான்" என்றார்.

இன்வெர்ட்டர் போடலாம் என்றான் மகன், போனில். அது நமக்குக் கட்டாது. அப்போதுதான் பால்வாடிக்கு முட்டை கொண்டு வருகிறவர், வெயிலில் வைத்தால் ராத்திரி தானாக எரிகிற லைட் வந்திருக்கிறது, கரண்டே வேண்டாம் என்றார். திண்டுக்கல்லில் வெயிலுக்கா பஞ்சம்? மற்ற எதுவும் ஒழுங்காக வருவதில்லை, வெயில் ஒன்றுதான் ஒரு நாளும் கட் ஆவதில்லை. மறு சனிக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு பஜாரில் இருக்கிற எலெக்ட்ரிகல் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் விதவிதமாக எடுத்துப் பரப்பினார். ஆள் உயரக் கம்பத்தில் மாட்டுகிற பெரிய லைட், தாமரைப்பூ லைட், தும்பி மாதிரி இறக்கை வைத்தது, கலர் மாறி மாறி எரிவது. எனக்கு அந்தக் கம்ப லைட்டைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஒன்று போட்டால் கொல்லை முழுக்கப் பட்டப்பகல் மாதிரி இருக்கும் என்றார் கடைக்காரர். பக்கத்து வீட்டுக்காரிகளும் பார்ப்பார்கள் இல்லையா, பொய் சொல்வானேன், அதுவும் மனதில் இருந்தது.

இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் அட்டைப் பெட்டிக்குள் சின்னச் சின்னதாக, முழங்கால் உயரத்துக்குக் குச்சியும் அதன் தலையில் தொப்பி மாதிரி ஒரு லைட்டுமாகக் கிடந்தது. தொப்பியின் மேலே பிஸ்கட் அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, அது கார்டன் லைட்டுண்ணே. பங்களா வீட்டுல அழகுக்குப் புல்லுக்குள்ள குத்தி வைப்பாங்க. வெளிச்சம் அம்புட்டு வராது" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இதான் வேணும்."

"என்னாங்க நீங்க!" என்றேன் நான். "மினுக்கட்டாம்பூச்சி மாதிரி இருக்கு. இத வச்சு என்னத்தப் பாக்கப் போறீங்க? பேசாம அந்தக் கம்பத்த வாங்குவோம்."

"ஒசரத்துல இருந்து அடிச்சா எனக்குக் கண்ணு கூசும். கூசினா தரை தெரியாது."

"அதுக்குன்னு?"

"ஏ புள்ள, ராத்திரி வண்டி ஓட்டுறவன் ரோட்டப் பாத்து ஓட்டுறான்னா நெனைக்கிற? ஓரத்தப் பாத்து ஓட்டுறான். புளியமரத்துல வெள்ளை அடிச்சிருக்கான்ல, மைல் கல்லுக்கு வெள்ளை அடிச்சிருக்கான்ல, அது எதுக்கு? எனக்கு வெளிச்சம் வேணாம். ஓரம் தெரியணும். ஓரம் தெரிஞ்சாப் போதும், நடுவுல நான் போயிருவேன்."

கண்ணைப் பற்றி அவர் வெளி மனுஷருக்கு முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை. நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை வாய் மூட வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று என் பால்வாடிப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லும்.

அப்புறம், எந்த நிறம் என்று ஒரு வழக்கு. வெள்ளையா மஞ்சளா? அவர் கண்ணுக்கு எது தெரியும் என்று பகல் வெளிச்சத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்குப் பின்னால் ஒயர் சுருள் அடுக்கி வைத்திருக்கிற இருட்டு அறை ஒன்று இருந்தது. கதவைச் சாத்திப் பார்க்கிறோம் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவரே லைட்டைக் கொண்டு வந்து, மேலே இருந்த கறுப்புக் கண்ணாடியை உள்ளங்கையால் மூடினார். பட்டென்று எரிந்தது. "இதுக்குத் தனியா சுவிச்சு கெடையாதுக்கா. இந்தக் கண்ணாடி மேல வெளிச்சம் படலேன்னா பொழுது போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு அதுவா எரியும்" என்றார். அடேயப்பா, லைட்டுக்கும் நினைப்பு இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம். இருட்டு அறைக்குள் ஒவ்வொன்றாகக் காட்டினோம். வெள்ளை, புகை மாதிரி பரவித் தெரிகிறது என்றார். மஞ்சளைக் காட்டியதும் கையை நீட்டி லைட்டின் மேலேயே விரலை வைத்தார். "இது. இது நல்லா நிக்கிது." அந்த விரல் கொஞ்சமும் தடுமாறாமல் போய் நின்றது. அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் நடுகிற வேலை. அவர் முருங்கை மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உத்தரவு போட, நான் குத்த வேண்டும். "அதத் தள்ளு. இன்னுங் கொஞ்சம். ஒடிச்சுத் திரும்புற எடத்துல ரெண்டு வேணும். குழிக்கிட்ட நெருக்கிப் போடு, அது டேஞ்சர் ஏரியா." இரண்டு பக்கமும் வரிசையாக, குழியைச் சுற்றி வளைந்து, குளியலறை வாசல் வரைக்கும் ஒரு ரோடே போட்டுவிட்டார். என் இடுப்பு போயிற்று. அன்றைக்குப் பொழுது சாய்ந்து கரண்ட் போனதும், கொல்லையில் ஒவ்வொன்றாகக் கண் திறந்தது. அவர் அடுப்படிப் படியில் நின்று பார்த்தார். பிறகு இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். "நீ எதுக்கு வார? உள்ள போ" என்று திரும்பாமலே சொன்னார். போய்க் கதவைத் திறந்து, உள்ளே போய், தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டது. கூடவே ஒரு பழைய பாட்டு. எத்தனை வருஷமாயிற்று அந்தக் குளியலறைப் பாட்டைக் கேட்டு!

அதற்குப் பிறகு கரண்ட் போனால் எங்கள் வீட்டில்தான் குஷி. பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலாக எட்டிப் பார்த்து, "என்னக்கா, கொல்லைக்குள்ள பைபாஸ் ரோடு போட்டிருக்கீக போல? டோல்கேட்டு எங்க?" என்று கேலி செய்தாள். "டோல்கேட்டுல ஒன்னையத்தான் ஒக்கார வைக்கப் போறேன்" என்றேன். அவரும் சிரித்தார். சாயந்தரம் ஆனால் அவரே போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார். தண்ணீர் வந்தால் குழி ஓரம் நின்று, நான் கீழேயிருந்து தூக்கிக் கொடுக்கிற குடத்தை வாங்கி வைத்தார். ஒரு வெயில் காலம், ஒரு ஆடி, ஆவணி எல்லாம் அப்படியே நன்றாகப் போனது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. டிரைவர் வீட்டுக்கு அதுதான் பெரிய பண்டிகை. முன்பெல்லாம் விடியுமுன் எழுந்து போய் பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, கண்ணாடியிலிருந்து ஹெட்லைட் வரைக்கும் பழனி விபூதியைக் குழைத்துப் பட்டை போட்டு, சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, ஒரு பை நிறையப் பொரியோடு வருவார். வண்டி ஓட்டுவதை விட்ட பிறகு அந்த நாளில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அரிவாள்மனையையும் என் தையல் மிஷினையும் வைத்து நான்தான் பேருக்குக் கும்பிடுவேன். அந்த வருஷமோ அவரே காலையில் சந்தனம் குழைக்க உட்கார்ந்தார். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஒவ்வொரு லைட்டையும் ஈரத் துணியால் துடைத்து, தலையில் இருந்த கறுப்புக் கண்ணாடி நிறைய விபூதிப் பட்டை, அதன் மேல் கட்டியாகச் சந்தனம், நடுவே குங்குமம். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கும்பிட்டார். "நம்ம வண்டி இப்ப இதான புள்ள" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அழகைப் பார்த்தபோது என் மண்டையில் வேறு எதுவும் உறைக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே நான் நெய்க்காரப்பட்டிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அங்கே இருக்கிற என் தங்கைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், கூட இருந்து பார்க்க ஆள் இல்லை. குழம்பும் ஊறுகாயும் வைத்துவிட்டு, "ஏங்க, பாத்து இருங்க, போயிட்டு வாரேன்" என்று பஸ் ஏறினேன். தினம் போன் போட்டேன். "நல்லாருக்கேன், நீ அங்க பாரு" என்பதற்கு மேல் பேச்சில்லை. எப்போதுமே போனில் அவர் அப்படித்தான், அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தங்கை எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு சாயந்தரம் திரும்பி வந்தேன். நான் வந்து சேரும்போது கரண்ட் இல்லை, நன்றாக இருட்டியிருந்தது. வாசல் கதவு திறந்தே இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, மூடி போட்டு. அது எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என்னங்க இது? கொல்லைக்குப் போகலையா?"

சாதாரணமாக, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"டாக்டர் சொன்னாருல்ல, முதல்ல சின்ன வெளிச்சம் போகும்னு. போயிருச்சு புள்ள. நீ போன அன்னைக்கே போயிருச்சு. படியில நின்னு பாக்குறேன், ஒண்ணுகூடத் தெரியல. கரண்டு வந்தா டியூப் லைட்டு தெரியிது. அதும் எத்தன நாளைக்கோ."

கையில் இருந்த பையைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றேன். இத்தனை நாளாக இந்த மனுஷன் இந்த நினைப்போடு தனியாக, இந்த இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். போனில் நல்லாருக்கேன் என்று சொல்லிக்கொண்டு. அழுகையை அடக்கிக்கொண்டு, அவர் பார்க்க முடியாமல் போன அந்த லைட்டுகளை நானாவது பார்க்கலாம் என்று அடுப்படிக் கதவைத் திறந்தேன்.

கும்மிருட்டு. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கென்ன கேடு, என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. குனிந்து தடவித் தடவிப் போய் முதல் லைட்டின் தலையைத் தொட்டேன். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. அடுத்ததும் அப்படியே. கடைக்காரர் உள்ளங்கையால் மூடிக் காட்டியது அப்போதுதான் மண்டைக்குள் பளிச்சென்று வந்தது. வெயில் பட வேண்டிய கண்ணாடியில் பட்டை போட்டு மூடினால், அது பகலையே ராத்திரி என்று நினைத்து எரிந்து தீர்த்துவிட்டு, ராத்திரிக்கு எதை வைத்து எரியும்?

"ஏங்க!" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். "லைட்டே எரியலைங்க! ஒங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க! சந்தனம், சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க, அது எப்படி எரியும்?" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து எனக்குப் பேச்சே குழறியது.

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி, "எனக்காகச் சொல்ற நீ" என்றார்.

"சத்தியமாங்க! முருகன் மேல சத்தியம்!"

"நீ சொல்லுவ புள்ள. எனக்குத் தெரியாதா ஒன்னைய? அழுதுக்கிட்டே சொல்ற."

என்ன சொல்லியும் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டலாம் என்றால், எதைக் காட்டுவது? எரியாத லைட்டையா? எரியாத லைட்டும் தெரியாத லைட்டும் அவருக்கு ஒன்றுதானே. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து அத்தனை லைட்டின் தலையையும் தேய்த்தேன். விபூதி போயிற்று, சந்தனம் போயிற்று, எண்ணெய்க் குங்குமம் லேசில் போகவில்லை. ஆன மட்டும் தேய்த்துவிட்டு வந்து படுத்தேன். அவரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

விடிந்து பார்த்தால் வானம் மூடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு அன்றைக்குத்தானா நாள் கிடைத்தது? வருஷமெல்லாம் மழைக்கு ஏங்குகிற ஊர் இது. மழையே வராதே என்று நான் வேண்டிக்கொண்டது என் வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான். பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு அரிசி புடைப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவர் என்னைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேகம் கலைந்து, வெயில் சுள்ளென்று கொல்லையில் விழுந்தது. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அந்த வெயிலை நானும் வாங்கினேன். போதுமா, போதாதா என்று யாரைக் கேட்பது?

பொழுது சாய்ந்தது. வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. லைட் எரிந்து, அதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனால்? நான் சொன்னதுதான் தப்பு என்று ஆகிவிட்டால்? அதற்குப் பிறகு இந்த மனுஷன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். கூப்பிடலாமா வேண்டாமா என்று நான் அடுப்படியில் தவித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு அவரே வந்தார். என்னைத் தாண்டிப் போய்ப் படியில் நின்றார். நான் பின்னால் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெகுநேரம் நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஏ புள்ள."

"என்னங்க?"

"அந்தக் குழிக்கிட்ட திரும்புற எடத்துல இருக்குதே, அது என்ன மத்ததுக்கு மங்கலா எரியிது? ஒழுங்காத் தொடைக்கலையா நீ?"

நான் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிப் பார்த்தேன். குங்குமம் பாதி போகாமல் அப்படியே ஒட்டியிருந்தது. மற்றதையெல்லாம் விட அது கொஞ்சம் மங்கலாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.